ஊர்ப்பலகை வரை

பீங்கான் ஜாடிகளை அனுப்ப வாரந்தோறும் விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் போவேன். பார்சல் குமாஸ்தா கனத்த உடம்புக்காரர். ஒரு வண்டியின் ரசீதுகளை எழுதி முடித்ததும், செருப்பைக் கழற்றி மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, பிளாட்பாரக் கோடியிலிருந்த ஊர்ப்பலகையை நோக்கி வேகமாக நடப்பார். பாதி வழியில் அடுத்த வண்டிக்கு மணி அடித்துவிடும். திரும்பி ஓடிவருவார்.

“சக்கரை வியாதிக்கு டாக்டரு நடக்கச் சொன்னாருங்க. ஒரு நாளாவது அந்தப் போர்டைத் தொட்டுடணும்.”

“லீவு போட்டு நடக்கலாமே?”

“லீவு போட்டா தூங்கிடறேங்க.”

மழைக்காலம் முழுக்கச் சூளை வேலை நின்றிருந்தது. அது முடிந்து நான் மறுபடி போனபோது குமாஸ்தாவின் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். பழையவரைப் பற்றிக் கேட்டேன்.

“வெறுங்கால்ல நடந்தாரில்லீங்களா, எஞ்சின் கரிக்கல்லு குத்திடுச்சு. புண்ணு ஆறவே இல்ல. ஒரு காலையே எடுத்துட்டாங்க.”

ஜாடிகளை ஒப்படைத்துவிட்டுப் போய் அந்தப் பலகையைத் தொட்டேன். அவ்வளவு பக்கத்தில் இருந்தது.