ஏழு பேர் பிடித்த அயோடின்

கெமிஸ்ட்ரி லேபில் அந்தக் குட்டி பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஏறிய நெடி இன்னும் நினைவிருக்கிறது... சூடு காட்டியதும் அயோடினின் கறுப்புத் துகள் அப்படியே ஊதாப் புகையாக எழும்பியது.

போன வருஷம், ப்ளஸ் ஒன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்கு ஒரகடத்தில் கான்ட்ராக்ட் வேலை. வடக்குப்பட்டில் ஒரே ஒரு அறை, வாடகைக்கு.

நான் "வாரேன்" என்றாலே வகுப்பில் நீங்கள் எல்லாரும் சிரிப்பீர்கள். அதனால் பேசுவதையே விட்டிருந்தேன். பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஜெனிஃபரிடம் மட்டும் ஏதோ இரண்டு வார்த்தை.

அன்று லேபிலேயே மிஸ் கேட்டார், "அயோடினுக்கு வேலன்சி எவ்ளோ?"

"ஒண்ணு" என்றேன். கடைசிக் கூட்டில் ஏழு எலக்ட்ரான்... எட்டாக ஒன்று போதுமே.

மிஸ் என்னையும் ஜெனிஃபரையும் எழுப்பி, ஆளுக்கு ஒரு கை கோக்கச் சொன்னார். "ரெண்டு அயோடின் சேர்ந்தா இப்படி, ஒரே பிணைப்பு, ஒரே பாண்டு. ஆனா ப்ளோரின் வந்தா, இதே அயோடின் தன்கிட்ட இருக்கற ஏழு எலக்ட்ரானையும் பகிர்ந்துக்கும்."

என்னை நடுவில் நிறுத்தினார். ஏழு ப்ளோரின்களைக் கூப்பிட்டார்.

"மிஸ், இவளுக்கு ரெண்டு கைதான கீது!" என்றாள் சங்கீதா.

"மீதிய நீங்களே பாத்துக்கோங்க."

சுற்றி ஐந்து பேர். இரண்டு கைக்கு இருவர், ஓவர்கோட் பாக்கெட்டுக்கு இருவர், ஐடி கார்டு கயிற்றுக்கு ஒருத்தி. சங்கீதா பெஞ்ச் மேல் ஏறி என் ஜடையைப் பிடித்தாள். ஜெனிஃபர் கீழே உட்கார்ந்து கணுக்காலை.

பிரியாவும் ஓடி வந்தாள். சங்கீதா மேலிருந்தே அவளை விரட்டினாள், "நீ தள்ளுடி, நீ குளோரின் சைஸு! எடம் பத்தாது!"

மிஸ்ஸுக்கே சிரிப்பு. "நெசந்தான். ஏழு குளோரின் சுத்தி நிக்க முடியாது. ப்ளோரின் சின்னது, அயோடின் பெருசு, அதான் எடம் கெடைக்குது."

"ஏய் தூத்துக்குடி, ஆடாதடி, பாண்டு உட்டுக்கும்!" என்று சங்கீதா என் ஜடையை இழுத்தாள்.

"ஐயோ வலிக்கி, விடுங்கட்டி!" என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் பிரியாவே "வாரேன்ட்டி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்...

அந்த ஒரு பீரியட் திரும்ப வராதா என்று இருக்கிறது.

இப்போது அம்மாவின் போனில், வெளிச்சத்தைக் குறைத்து, போர்வைக்குள் நம் க்ளாஸ் குரூப்புக்கு இதை டைப் செய்கிறேன். அப்பா புரண்டு படுத்தால் விரல் நின்றுவிடுகிறது. அவருக்குக் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. நாளைக் காலை டிசி வாங்க ஸ்கூலுக்கு வருகிறார். ப்ளஸ் டூ பரீட்சைக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்றுகூட அவர் கேட்கவில்லை.

"ஏட்டி, படிச்சது போதும். ஊருக்குப் போயி அம்மைக்கு ஒத்தாசையா இரு" என்றார். நான் தலையாட்டினேன். அப்பாவை எதிர்த்து இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்பா டிசி வாங்க வருகிறார் என்று யாராவது காலையிலேயே மிஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

அன்று மிஸ் கேட்டதும் யோசிக்காமல் பதில் சொன்னேன். தப்பானால் திருத்துவதற்கு அவர் இருந்தார். நாளை ஹெச்.எம். அறையில் என்னை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லப் போகிறேன், எனக்குப் படிக்கணும் என்று. அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது... தரையைப் பார்த்தாவது சொல்லிவிடுவேன்.