ஐந்து கேள்வியில் ஒரு மனு

ஆட்சி மாறி, குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்த சமயம். நான் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாமனார் காலத்திலிருந்து ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு உழுது வந்தோம். ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தஞ்சாவூரில் குடியிருந்த நிலக்காரர், நிலத்தைத் தானே பயிர் செய்வதாகவும் என் கணவர் வெறும் பண்ணையாள் என்றும் சாதித்தார். பதிவாகாவிட்டால் அடுத்த நடவுக்கு நாங்கள் வயலில் கால் வைக்க முடியாது.

வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான்தான். நாலு பக்கம் மனு எழுதினேன். ‘ஐயா அவர்கள் சமூகத்துக்கு’ என்று ஆரம்பித்து கருணை, கண்ணீர் எல்லாம் போட்டேன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா இரண்டு வரி படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். “எல்லாரும் இதையேதாம்மா எழுதுறீங்க. நெலக்காரரும் உருக்கமாத்தான் எழுதியிருக்காரு. தாசில்தார் ஐயா யாரை நம்புவாரு?”

வீட்டுக்கு வந்ததும் மனுவைக் கிழித்து அடுப்பில் போட்டேன். எங்களை நம்ப வேண்டாம், நிலக்காரரையே கேட்கட்டும் என்று ஐந்தே கேள்வி எழுதினேன். இந்த வயலுக்கு எந்த மடையில் தண்ணீர் பாய்கிறது? போன தாளடிப் போகத்துக்கு என்ன நெல் போட்டது? எந்த மூலையில் கால் வைத்தால் புதையும்? இப்படிப் போனது.

என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். “அதிகாரிக்கே கேள்வி எழுதுவியா? உள்ளதும் போயிடும்.”

“போனாப் போகுதுங்க. கெஞ்சி மட்டும் என்ன வந்துச்சு?” என்று அதையே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தாசில்தார் விசாரணைக்கு வயலுக்கே வந்தார். என் காகிதத்தைப் படித்துவிட்டு நிலக்காரரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். மடை எது என்றதற்கு அவர் வடிகாலைக் காட்டினார். நெல்லைக் கேட்டதும் அவருடைய காரியஸ்தர் வாயைத் திறந்தார்.

“நீங்க இருங்க, அவர் சொல்லட்டும்” என்றார் தாசில்தார்.

நிலக்காரர் காரியஸ்தரின் முகத்தையே பார்த்தார். மூன்றாவது கேள்விக்குக் கோபமே வந்துவிட்டது. “என் வயல்ல எங்கயும் புதையாது” என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தார். வடகிழக்கே ஈசானி மூலையில் முழங்கால் வரை இறங்கிவிட்டார். என் கணவர்தான் ஓடிப்போய்க் கை கொடுத்துத் தூக்கினார். எங்கே மிதித்தால் தரை தாங்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

நாலாவது கேள்வியைத் தாசில்தார் கேட்கவே இல்லை. பதிவேட்டில் என் கணவர் பெயர் ஏறியது.

அதன்பிறகு ஊரில் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நாம் சொன்னால் படிக்கிறவர் சந்தேகப்படுவார். கேள்வியாகக் கொடுத்தால் பதிலை அவரே தேடிப் போவார், தானே கண்டதை அப்புறம் தள்ள முடியாது. இன்றைக்கும் யாராவது என்னிடம் வந்து ‘கொஞ்சம் பணிவா எழுதும்மா’ என்றால், எதற்கு என்றுதான் முதலில் கேட்கிறேன்.