வலது தோளுக்கு வைத்த பஞ்சு

என் மருமகள் தையல்காரி. ஆளை ஒருமுறை பார்த்தாலே சட்டைக்கு அளவு சொல்லிவிடுவாள். தனக்கு மட்டும் பொய் அளவில் தைத்துக்கொள்வாள். சிறு வயதிலேயே முதுகெலும்பு வளைந்துவிட்டதால் அவளுக்கு இடுப்பு இடப்பக்கம் தள்ளியிருக்கும். வலது தோள் இறங்கியிருக்கும். அந்தத் தோளுக்குள் ஒரு பஞ்சுத் துண்டை வைத்துத் தைத்துவிடுவாள். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் பல வருஷம் பஞ்சு இல்லாத உடையில் அவளை நாங்கள் கண்டதில்லை.

நாற்பது வயதில் களிமண் வகுப்பில் சேர்ந்தாள். தையல் கடைக்கு எதிரே, நூலகத்தின் மாடியில் மாலையில் நடக்கும். மண்ணைக் கயிறாக உருட்டி, வட்டமாகச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே கூடாக உருவம் எழுப்ப வேண்டும். அவரவர் உடம்பை அவரவர் செய்யுங்கள், தலை வேண்டாம் என்றார் ஆசிரியை. செய்து முடித்ததும் கீழ்த்தளத்தில் கண்காட்சி.

முதல் உருவம் இடுப்புவரை நன்றாக வந்தது. அதற்குமேல் தோள்களை நேராக வைத்தாள். அடுத்த வகுப்புக்குப் போனால் அது இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. இரண்டாவது உருவத்துக்குக் கட்டையை முட்டுக் கொடுத்தாள். கட்டையை எடுத்ததும் அதுவும் விழுந்தது.

"கட்டையோடயே வச்சுடேன். யாரு கேக்கப் போறா?" என்றான் என் மகன், சாப்பிட்டுக்கொண்டே.

"காலைல உன்ன எழுப்பவே ரெண்டு பேர் முட்டுக் கொடுக்கணும். நீ பேசாத," என்றாள் என் மனைவி.

மருமகள் சிரிக்கவில்லை. உள்ளே போனவள், பஞ்சு வைக்காத பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கையில் அளவு நாடாவோடு வந்தாள்.

"அத்தை, தரையிலேர்ந்து தோள் வரைக்கும் அளந்து சொல்லுங்க. ரெண்டு பக்கமும்."

"அந்தப் பொடி எழுத்து எனக்கு எங்கடி தெரியுது? நான் புடிக்கிறேன், மாமா படிக்கட்டும்."

படித்தேன். வித்தியாசம் ஒன்றரை அங்குலம்.

"ஒன்றரை இஞ்ச்தானா? என்னமோ மலையே சரிஞ்ச மாதிரி இத்தன வருஷமா மூடி வச்சிருந்தியே," என்றாள் என் மனைவி.

மருமகள் நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இடுப்ப என்னோடதா செஞ்சுட்டு, தோள யாரோடதையோ வச்சிருக்கேன். அப்புறம் எப்படி நிக்கும்?"

மூன்றாவது உருவத்தில் இடுப்பு தள்ளிய இடத்திலேயே தள்ளியது. தோள் இறங்கிய இடத்திலேயே இறங்கியது. முட்டுக் கொடுக்கவில்லை. காய்ந்தது, சூளைக்குப் போனது, கீறல் விழாமல் வந்து நின்றது.

கண்காட்சிக்கு முந்திய நாள் தன் உடைகளையெல்லாம் விரித்துப்போட்டு, பஞ்சை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். கடை ஆட்கள் வருவார்களே என்று சொல்லிக்கொண்டேதான் பிரித்தாள்.

வந்தார்கள். எந்த உருவத்திலும் பெயர் எழுதியிருக்கவில்லை. கடையில் துணி வெட்டும் 'கத்தரி' என்பவன் வரிசையைச் சுற்றிவந்து, அவளுடைய உருவத்தின் பின்பக்கம் நின்றுவிட்டான்.

"இது நம்ம அக்கால்ல?"

"தலையே இல்ல, எப்படிடா கண்டுபிடிச்ச?" என்றாள் மருமகள்.

"உங்க பின்னாடிதானேக்கா உக்காந்து வெட்டறேன். தையக்கடையில இருந்துட்டு, பஞ்சு வச்சது தெரியாமலா இருக்கும்?"

"அப்ப ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"தையல் நல்லா இருந்துச்சு. அதான்."

கூடத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். பிறகு உருவத்தின் பக்கத்தில் போய் நின்று, தானே கேட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். இரண்டு வலது தோள்களும் ஒரே சாய்வில் இறங்கியிருக்கும் அந்தப் படம் கடைச் சுவரில் இருக்கிறது.

பஞ்சுத் துண்டுகளால்தான் என் மனைவி இப்போது அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிறாள். "கையில சூடே ஏறல. நல்ல பஞ்சாத்தான் வாங்கியிருக்கா," என்கிறாள்.