பத்து நிமிட மூச்சு

செருப்பைக் கழற்றியதும் ஜெரால்ட் நிலைப்படிக்கு வெளியிலேயே நிற்பான். வாயைக் குவித்து ஏஞ்சலினின் முகத்துக்கு நேரே நீளமாக ஊதுவான். அவள் கண்ணை மூடி முகர்வாள். சாராய வாடை இல்லையென்றால் வழிவிடுவாள். அவன் குடியை விட்டு ஆறு வருடமாகியும் இந்தச் சோதனை நிற்கவில்லை.

“போலீஸ்காரன்கூட தெனம் ஊதச் சொல்றதில்லடி.”

“அவனா உன்கூட குடும்பம் பண்றான்? ஊது.”

மறுபடி குடித்தால் வள்ளூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிறவள்.

கும்மிடிப்பூண்டியில், பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் கம்பெனியில் அவனுக்கு உலையடி வேலை. ஒரு திங்கட்கிழமை யாரோ ஆராய்ச்சிக்காரர்கள் வந்து, உலை ஆட்களுக்கு மட்டும் டோக்கன் கொடுத்து, குளிர்ந்த குழாய் ஒன்றுக்குள் பத்து நிமிடம் மூச்சுவிடச் சொன்னார்கள். முடிவு வீட்டுக்குத் தபாலில் வரும் என்றார்கள்.

வந்தது. அந்தக் குளிர்ந்த குழாயில் மூச்சு நீராகப் படியுமாம். உடம்பு உள்ளே துருப்பிடிப்பதுபோல் அரிபடுகிறதா என்று அந்த நீர் சொல்லுமாம். அரிப்பு கூடுதலாக இருந்தால் உலையிலிருந்து வேறு வேலைக்கு மாற்றுவார்களாம். ஜெரால்டின் பெயருக்கு எதிரே ‘இயல்பு’ என்றிருந்தது. ஏஞ்சலின் அந்தக் கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்தாள். அவன் உலையடியிலேயே இருந்தான்.

அடுத்த வருடம் இருமல் பிடித்தது. வாசலில் ஊதும்போது ஈரத்தில் கிடந்த இரும்பின் வாடை வந்தது. சாராயமில்லை, வழிவிட்டாள்.

“பேப்பர்லயே நல்லாக்கீதுன்னு போட்டுக்கிறான். தூசியாத்தான் இருக்கும்” என்று அவளே தேற்றினாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, தண்ணீர் கேட்டான்.

ஸ்கேன் எடுத்தபோது இரண்டு நுரையீரலும் சுருங்கியிருந்தன. ஐப்பசியில் போய்விட்டான். வயது முப்பத்தொன்பது.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும், பேக்கிங்கில் வேலை செய்யும் வரதன் போகவில்லை.

“அண்ணி, அந்தப் பேப்பர்ல இருக்கறது அண்ணன் மூச்சு இல்ல. என்னுது.”

அவள் வள்ளூர் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு விருந்தில் ஜெரால்ட் ஒரு கிளாஸ் குடித்திருக்கிறான். மறுநாள் குழாயைப் பார்த்ததும் குடியைக் கண்டுபிடிக்கும் கருவி என்று பயந்து, தன் டோக்கனை வரதன் கையில் திணித்திருக்கிறான். கடிதம் வந்தபின் உண்மை தெரிந்து, மறுபடி போய் ஊதும்படி வரதன் கெஞ்சியிருக்கிறான்.

“ஏன்னு கேப்பாங்கடா. அவ காதுக்குப் போவும். ஊட்ட வுட்டுப் போய்டுவா” என்றானாம்.

அந்தக் குழாய்க்குள் ஜெரால்ட் ஒருமுறைகூட மூச்சு விட்டதில்லை.