கிளிக்கு நேர்ந்த உப்பும் மிளகும்

ஏலப்பாறைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் லயத்து வீடுகளில் கடைசி வீடு சூசையப்பனுடையது. உடையது என்று சொன்னால் மேனேஜர் கோபித்துக்கொள்வார். அது கம்பெனி வீடு. அதுவும் சூசையப்பன் பெயரில் இல்லை, அவர் மனைவி பிலோமியின் பெயரில் இருந்தது. சூசையப்பன் ரிட்டயர் ஆனவர். பிலோமி இன்னும் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவள் பெயர் மஸ்டரில், கம்பெனியின் ஆள்கணக்கில், இருக்கும்வரை தலைக்கு மேல் அந்தக் கூரை உண்டு. அந்த மலையில் பிறந்த பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் இது.

அந்த வீட்டில் ஒரு கிளி இருந்தது. அதனால்தான் சூசையப்பனுக்கு ஊருக்குள் ஒரு பேர்.

காலமெல்லாம் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவாத்துக் கத்தி பிடித்த மனுஷன் அவர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர், மகன் இங்கேயே பிறந்து, இங்கேயே ஞானஸ்நானம் வாங்கி, பக்கத்து எஸ்டேட் பிலோமியைக் கட்டி, வெகு காலம் கழித்து டின்சி என்று ஒரே ஒரு மகளைப் பெற்றார். வேலையில் கடைசி வருஷம், சில்வர் ஓக் மரம் ஒன்றைக் கழிக்கும்போது பொந்திலிருந்து ஒரு குஞ்சு கீழே விழுந்தது. இறக்கை முறிந்து, இறகு முளைக்காமல், பார்க்கச் சகிக்காமல் கிடந்ததைச் சட்டைக்குள் போட்டு எடுத்து வந்தார். இது பிழைக்காது என்றாள் பிலோமி. சொன்ன வாயோடு அவளேதான் கஞ்சியை விரல் நுனியில் தொட்டுத் தொட்டு ஊட்டினாள். குஞ்சு பிழைத்தது. பறக்கத்தான் வரவில்லை. பறக்காத பாவத்துக்கு எல்லாம் வாயில் வந்து சேர்ந்தது. ஒரு நாள் காலையில் சூப்பர்வைசரின் விசிலை அப்படியே அடித்து, மலையேறிக்கொண்டிருந்த பெண்களைப் பாதி வழியில் நிறுத்திவிட்டது. அன்றைக்கு அதற்குக் கங்காணி என்று பெயர் விழுந்தது.

கங்காணி என்ன சத்தம் போட்டாலும் சூசையப்பன் பொருள் சொல்லிவிடுவார். புஸ்ஸென்றால் அடுத்த வீட்டு புஷ்பமேரியின் குக்கர். கர்கர்ரென்றால் டவுனுக்கு ஆள் ஏற்றிப் போய்வந்து, வளைவில் ஏற முடியாமல் திணறும் கோபிநாத்தின் ஜீப். தொண்டைக்குள் உருட்டினால் மழை வருகிறது, நகத்தைக் கம்பியில் தேய்த்தால் பசி, தலையைச் சாய்த்து மெல்லச் சீட்டியடித்தால் வேலை விட்டு வரும் பிலோமியின் காலடி கேட்டுவிட்டது. லயத்துக்காரர்கள் பந்தயம் கட்டிக் கேட்பார்கள். சூசையப்பன் பீடியைப் பற்றவைத்து, கொஞ்சம் காக்கவைத்து, பெரிய மனுஷன் தோரணையில் விளக்கம் சொல்வார். கங்காணியின் வயிற்றுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி இருக்கும் அந்தப் பேச்சு. பிலோமி சட்டி கழுவிக்கொண்டே சிரிப்பாள். அவள் பேசுவது குறைவு. வீட்டில் பேசுவதற்குத்தான் இரண்டு பேர் இருந்தார்களே, புருஷனும் கிளியும்.

டின்சி கோட்டயத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், கடைசி வருஷம். அது முடிகிற வரைக்கும் தள்ளினால் போதும் என்பதுதான் அந்த வீட்டின் ஒரே கணக்கு.

போன மழைக்காலம் ஓய்ந்த சமயத்தில் கங்காணி புதுச் சத்தம் ஒன்றை எடுத்தது. முதலில் ஒரு முனகல். மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, உள்ளுக்குள்ளேயே அமுக்கின மாதிரி ஒரு ம்ம்ம். பிறகு சோவென்று ஓர் இரைச்சல். கடைசியில் டங்கென்று ஒரு தட்டல். அதற்குப் பிறகு கங்காணி வாயை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடும்.

சூசையப்பனுக்குப் பொருள் தெரியவில்லை. இரண்டு நாள் ஏதேதோ சொல்லிச் சமாளித்தார், மரம் அறுக்கிற மிஷின் என்றார், காட்டுப்பன்றி என்றார். யாரும் நம்பவில்லை, அவரும் நம்பவில்லை. பனிமஞ்சு இறங்கும் ஊரில் பறவைக்கு நெஞ்சில் சளி கட்டினால் இப்படித்தான் முனகும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். கற்பூரவல்லி இலையைச் சாறு பிழிந்து ஊற்றினார். மிளகைப் பொடித்துக் கஞ்சியில் கலந்தார். கூண்டை அடுப்பங்கரையில் ஜன்னல் பக்கமிருந்து அடுப்புப் பக்கமாக மாற்றினார், சாக்கு போட்டு மூடினார். முனகல் குறையவில்லை, கூடியது. புஷ்பமேரி வந்து பார்த்துவிட்டு, வீட்டில் இப்படி ஒரு ஜீவன் முனகுவது நல்லதுக்கில்லை அண்ணே என்றாள். சூசையப்பன் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. கிளிக்காகப் பட்டினி கிடந்த மகராசன்!

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் குருசடிக்கு, வழியோரத்துச் சின்னக் கோவிலுக்கு, போனார்கள். உடம்புக்கு முடியாதவர்களுக்காக உப்பும் மிளகும் நேர்ந்து போடுவது அங்கே வழக்கம். சூசையப்பன் கை நிறைய உப்பும் மிளகும் அள்ளி, கங்காணியை மூன்று தரம் சுற்றி எடுத்துத் தாளில் மடித்துக்கொண்டு வந்திருந்தார். கிளிக்கு நேர்ச்சை போட்ட முதல் ஆள் அந்த மலையில் அவராகத்தான் இருப்பார். கண்ணை இறுக மூடி வேண்டிக்கொண்டார். பக்கத்தில் நின்ற பிலோமி, ஒரு கையைச் சேலைக்குள் வயிற்றோடு அழுத்திக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கும் சேத்து ஒரு வார்த்த வேண்டிக்கிடுங்க."

"ஒனக்கு என்னட்டி கொறச்சல்? கல்லு மாதிரி இருக்க."

அவள் சிரித்தாள். பிறகு அவர் மடித்து வைத்திருந்த தாளிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து, அவர் பார்க்கவில்லை என்ற நினைப்பில் தானே குருசடியில் போட்டாள். அவர் பார்த்தார். கிளிக்காகத்தான் போடுகிறாள் என்று நினைத்தார்.

நேர்ச்சையும் பலிக்காமல் போகவே, ஒரு நாள் காலையில் கூண்டின் மேல் பிலோமியின் துண்டைப் போர்த்தி, கோபிநாத்தின் ஜீப்பில் ஏறி, டவுனில் இருக்கும் மிருகாஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் ஜெஸ்னா சின்ன வயசு மலையாளத்துக்காரி. இந்த ஜாதிக் கிளியைக் கூண்டில் வைத்தால் கேஸ் ஆகும், தெரியுமா என்று முதலில் மிரட்டினாள். முறிந்த இறக்கையைப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். கண்ணைப் பார்த்தாள், நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள், எச்சத்தைப் பார்த்தாள். கங்காணியும் நல்ல பிள்ளையாக அந்தச் சத்தத்தை அங்கேயே இரண்டு தரம் போட்டுக் காட்டியது. இரண்டாவது தரம் கேட்டதும் டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"கிளிக்கு ஒரு குழப்பமும் இல்ல, நல்ல சுகம் சேட்டா. அது கேட்டதைத்தான் சொல்லுது. இது ஒரு ஆளு வேதனையில முனகுற சத்தம். வீட்ல யாருக்கு சுகமில்ல?"

எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை என்று சூசையப்பன் அடித்துச் சொன்னார். நான் இருக்கிறேன், என் மனைவி இருக்கிறாள், அவள் இன்றைக்கும் கொழுந்துக்குப் போயிருக்கிறாள் என்றார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேளுங்கள் என்றாள் டாக்டர். மருந்து எதுவும் கொடுக்கவில்லை. மருந்து கொடுக்காத டாக்டர் என்ன டாக்டர் என்று ஜீப்பில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

லயத்தின் பின்பக்கம் அவர் வந்து சேர்ந்தபோது மத்தியானம். கொழுந்துக்காரப் பெண்கள் கஞ்சி குடிக்க வீடுகளுக்கு வரும் நேரம். அடுப்பங்கரைக் கதவு சாத்தியிருந்தது. கதவில் கை வைக்கப் போனார். உள்ளேயிருந்து அந்த முனகல் கேட்டது.

ஆரம்பித்துவிட்டான் கங்காணி என்று பழக்க தோஷத்தில் நினைத்தார். அப்புறம்தான் கூண்டு தன் கையில் இருப்பது உறைத்தது. துண்டுக்குள் கிளி சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. உள்ளே முனகல் நீண்டது, மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து. பிறகு சோவென்று குழாய் தண்ணீர். பிறகு சட்டியின் மேல் டங்கென்று மூடி.

கதவைத் தள்ளினார். பிலோமி அடுப்புத் திண்டின் மேல் வயிற்றை அழுத்திக் குப்புறச் சாய்ந்திருந்தாள். முகத்தில் ரத்தம் செத்திருந்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் நிமிர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, கிளிக்கு என்ன சொன்னாங்க என்று கேட்டாள் அந்தப் படுபாவி.

"எத்தன நாளாட்டி?"

அவள் குழாயை மூடினாள். மழைக்கு முன்னாலிருந்தே என்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா கம்பெனி டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போவீக. அன்பிட்டுன்னு எழுதிருவாங்க. கற்பகத்துக்கு என்ன ஆச்சுன்னு பாத்தோம்லா? புள்ள படிப்பு முடியுமட்டும் இந்தக் கூரை வேணும்."

கற்பகம் மேல் லயத்தில் இருந்தவள். முதுகுவலி என்று டிஸ்பென்சரிக்குப் போனாள். வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மழையில் நனையும் சாமான்களோடு அவள் ஜீப் ஏறிப் போனதை லயமே வெளியில் வந்து நின்று பார்த்தது. பிலோமி அன்றைக்குப் பார்த்ததை மறக்கவில்லை. ரத்தப்போக்கையும், வலியையும், காய்ச்சலையும் முந்தானைக்குள் முடிந்துகொண்டு, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது முடியாது என்பார்கள். பொய். வீட்டில் இருப்பவன் சோற்றைப் பார்க்காமல் கிளியையே பார்த்துக்கொண்டிருந்தால் தாராளமாக முடியும்.

"சத்தம் வெளிய கேக்கப்படாதுன்னுதான் கொழாயத் தொறந்து விட்டேன்," என்றாள். அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இவன் கொழாயையும் சேத்துல்லா படிச்சு வச்சிருக்கான்."

மறுநாளே கோட்டயம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கர்ப்பப்பையில் தொடங்கிய புற்று, அதற்குள் எல்லா இடமும் பரவியிருந்தது. டின்சி வகுப்பிலிருந்து சீருடையோடு ஓடி வந்தாள். பரீட்சையைப் பாரு, இங்க அப்பா இருக்காக என்று பிலோமி அவளைத் திருப்பி அனுப்பப் பார்த்தாள். டின்சி போகவில்லை. எங்கே வலிக்கிறது என்று டாக்டர்கள் கேட்டார்கள், நர்சுகள் கேட்டார்கள், அடுத்த கட்டிலில் கிடந்த அம்மாளும் கேட்டாள். சூசையப்பன் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். எத்தனை நாளாக என்று கேட்டிருந்தார், ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தார். எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. அதற்குள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள், அவருக்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களை வீடுகளில் கட்ட ஆரம்பித்த வாரத்தில் பிலோமி போய்ச் சேர்ந்தாள். அவரிடம் கடைசியாகக் கேட்டது, கங்காணிக்குக் கஞ்சி வச்சீகளா என்பதுதான். புஷ்பமேரி வைப்பாள் என்று பதில் சொன்னார். அது போதும் என்பதுபோலத் தலையசைத்தாள்.

அடக்கம் முடிந்து திரும்பி வந்த மத்தியானம், கங்காணி முனகியது. அச்சு அசல் பிலோமி. வீட்டில் நின்றிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அதற்குப் பிறகு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். யாருக்காவது கொடுத்துவிடுங்கள் அண்ணே, இதைக் கேட்டுக்கொண்டு எப்படி இருப்பீர்கள் என்று புஷ்பமேரி கெஞ்சினாள். ஜெஸ்னா டாக்டரிடமே விட்டுவிடலாம் என்றார் கோபிநாத். சூசையப்பன் கூண்டை யாரிடமும் கொடுக்கவில்லை. பேசிப் பேசியே பேர் வாங்கின மனுஷன் பேச்சை விட்டுவிட்டார். கிளி என்ன சொல்கிறது என்று லயத்தில் யாரும் அப்புறம் அவரிடம் பந்தயம் கட்டவில்லை.

வீடும் நிற்காது. டின்சியின் படிப்பு முடிகிறவரை இருந்துகொள்ளலாம் என்று மேனேஜர் இரக்கப்பட்டுச் சொல்லியிருந்தார். எந்தக் கூரைக்காகப் பல்லைக் கடித்தாளோ அந்தக் கூரை சில மாதத்துக்கு மட்டும் நின்றது.

அந்த மாதங்களில் சூசையப்பன் ஒரு வேலைதான் செய்தார். கங்காணி முனகும்போதெல்லாம், எங்கிருந்தாலும் எழுந்து அடுப்பங்கரைக்குப் போவார். கூண்டுக்கு முன்னால் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்பார்.

"ஏட்டி பிலோமி, எங்க வலிக்குது?"

கிளி பதில் சொல்லாது. சோவென்று குழாயைத் திறக்கும், டங்கென்று மூடியைப் போடும், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். அவர் சற்று நின்றுவிட்டுத் திரும்பி வருவார். புத்தி பேதலித்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. செத்தவள் செத்தவள்தான் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். கேட்காமல் விட்ட ஒரு கேள்வி தொண்டையில் நின்றது, அவ்வளவுதான். தினமும் கேட்டுப் பார்த்தும் அது இறங்கவில்லை.

டின்சி பரீட்சை எழுதி முடித்து, சாமான் கட்ட வருவதாகச் சொல்லியிருந்த வாரம். சூசையப்பன் பின்பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்தார். மத்தியான நேரம், பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே முனகல் கேட்டது. கோடாலியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். முட்டி பிடித்துக்கொண்டதால் படியேறக் கொஞ்சம் நேரமானது.

கதவுக்கு வந்து சேருவதற்குள் உள்ளே ஓர் ஆண்குரல் கேட்டது. கிழட்டுக் குரல். "ஏட்டி பிலோமி, எங்க வலிக்குது?"

சூசையப்பன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்து வரும் குழாய்ச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. மூடியும் விழவில்லை. கங்காணியின் வாயில் அவள் முனகினாள், அவர் கேட்டார், அதோடு நின்றுவிட்டது.

அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். குருசடியில் வைத்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று சொல்லிச் சொல்லி அழுதார். கஞ்சி குடிக்க வந்த புஷ்பமேரி கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.