ஓரகத்தி காருக்கு அடியில் பார்த்தது

என் ஓரகத்தி, எஞ்சின் மாற்றிய ஐம்பது வருடப் பழைய கார் ஒன்றை லண்டனிலிருந்து இறக்குமதி செய்தாள். கிழக்கேகோட்டையில் எங்கள் தெருவே அதன் முன் நின்று போட்டோ எடுத்தது. எனக்கு வயிறு எரிந்தது.

வாகனப் பரிசோதனையன்று, துணைக்குப் போவதுபோல் என் காரில் பின்னாலேயே போனேன். அவள் கார் தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமே! என் காரை அதன் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அவள் காரின் மறுபக்கம் சுற்றிப் போய், எண்ணெய் ஒழுகுகிறதா என்று அதன் அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. ஆனால் அதற்கப்பால், என் கார் டயரின் உள்பக்கம் தேய்ந்து கம்பி தெரிந்தது.

நான் குனிந்தபடியே இருப்பதைக் கண்டு அவளும் குனிந்தாள். "அய்யோ அக்கா, இந்த டயர வச்சா நாளைக்குப் பிள்ளையளக் கூட்டிட்டு பொன்முடி மலை ஏறப் போறிய?"

அவள் கார் பாஸாகிவிட்டது. இப்போதெல்லாம் வண்டி எடுக்கும் முன் குனிந்து என் டயர்களைப் பார்க்கிறேன். அப்படியே அவள் காரின் அடியையும்.

இன்றுவரை ஒரு சொட்டு இல்லை.