அம்மாவின் மஞ்சள் ஜன்னல்

என்னிடம் மிஞ்சியிருக்கும் டைரிகளில் மிகப் பழையது 1995-ஆம் ஆண்டுக்கானது. ஆனால் அதில் எழுதியிருப்பதெல்லாம் 1996-இல் நடந்தவை. அம்மா வேலை பார்த்த கம்பெனியில் யாரும் சீண்டாமல் கிடந்த டைரி அது. ஆண்டு முடிந்தபின் எனக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்டிருந்த கிழமையை அடித்துவிட்டுச் சரியான கிழமையைப் பேனாவால் எழுதியிருக்கிறேன். பிப்ரவரி வரை ஒரு நாள் தள்ளினால் போதும். மார்ச்சிலிருந்து இரண்டு நாள் தள்ள வேண்டும், அது லீப் வருடம். இதை யாரும் சொல்லாமல் நானே கண்டுபிடித்தபோது எனக்குப் பதினோரு வயது. நாளும் கிழமையும் சரியாக இருந்தால் நடந்ததும் சரியாகப் பதிவாகிவிடும் என்று நம்பினேன். மே 17, புதன் என்றிருந்ததை அடித்து வெள்ளி என்று எழுதிய பக்கத்துக்கு வரும்போதெல்லாம் அந்த நம்பிக்கை என்னை அயர வைக்கிறது.

அப்போது நாங்கள் ஆவடியில், அப்பா வேலை பார்த்த பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குடியிருப்பில் இருந்தோம். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தனியார் கம்பெனிக்குப் போய்வந்தாள். காலை ரயிலைப் பிடித்துப் பட்டரவாக்கத்தில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி இருபது நிமிடம் நடக்க வேண்டும். அந்தக் கோடை விடுமுறையில் அப்பாவுக்குப் பகல் ஷிப்ட்; வீட்டில் என்னைத் தனியே விட முடியாது. அம்மாவின் தம்பி அதே கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணாடித் தடுப்புக்குள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பதென்றால் வரலாம், எந்த மெஷினையும் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு வாட்ச்மேன் என்னை உள்ளே விட்டார்.

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே குளிர்சாதனம். யூனிக்ஸ் மெஷின்கள் மூன்று. திரையில் வெறும் சாம்பல் நிறம் தெரியும். அதற்குள் ஒரு கட்டம் திறக்கும். அந்தக் கட்டத்துக்குள்தான் எல்லாவற்றையும் தட்டச்சுச் செய்ய வேண்டும். டெர்மினல் என்பது மாமா சொன்ன பெயர். மற்றவர்கள் விண்டோ என்றார்கள். டைரியில் நான் ஜன்னல் என்று எழுதியிருக்கிறேன்.

லேத்தில் கடைந்து வரும் உதிரி பாகங்களின் எண்களைத் தாளைப் பார்த்து அந்த ஜன்னலுக்குள் ஏற்றுவது அம்மாவின் வேலை. ஒவ்வொரு எண்ணும் பதினொரு இலக்கம். எட்டுக்குப் பதில் மூன்று விழுந்தால் வேறொரு ஊருக்கு வேறொரு பாகம் போய்விடும். அதே வேலையைச் செய்ய இன்னொருவரும் இருந்தார், கொரட்டூரிலிருந்து சைக்கிளில் வரும் அண்ணன்.

ஏப்ரலில் புது மேனேஜர் வந்தார். ஜூனிலிருந்து எண் ஏற்ற ஒரே ஆள் போதும் என்றார். இரண்டு பேரையும் பக்கத்தில் நின்று பார்த்து, தப்பில்லாமல் செய்பவரை வைத்துக்கொண்டு மற்றவரை பேக்கிங் பிரிவுக்கு அனுப்புவதாகச் சொன்னார். பேக்கிங் என்பது தகரக் கூரைக்குக் கீழே, காலையிலிருந்து மாலைவரை நின்றபடி செய்யும் வேலை. அம்மாவுக்கு ஒரு மணிநேரம் நின்றாலே கால் வீங்கிவிடும். இதை ரயிலில் அம்மாவும் மாமாவும் பேசக் கேட்டேன்.

"நீ பயப்படாதேக்கா. பன்னெண்டு வருஷமா டைப் அடிக்கிற. அவன் நேத்து வந்தவன்" என்றார் மாமா.

"பயமெல்லாம் இல்லடா" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த ஸ்டேஷன் கடிகாரத்துல மணி என்னன்னு சொல்லு பாப்போம்" என்றாள்.

அந்தக் கோடை முழுவதும் இப்படித்தான். வருகிற பஸ்ஸின் எண், கடைப் பலகையில் உள்ள பெயர், மாத்திரை அட்டையில் இருக்கும் தேதி, எல்லாவற்றையும் என்னைச் சொல்லச் சொல்வாள். ஆறாம் வகுப்புப் போகிற பெண்ணுக்கு மணி பார்க்கத் தெரியாதா என்று எரிச்சலாக இருக்கும். ஆனாலும் சொல்வேன்.

எனக்கு அந்த அறையில் வெட்கமாக இருந்தது அம்மாவின் ஜன்னலைப் பார்த்துத்தான். மாமாவுடையது கறுப்புப் பின்னணி, அதில் பொடிப்பொடியாகப் பச்சை எழுத்து. ஒரே பார்வையில் நூறு வரி தெரியும். கொரட்டூர் அண்ணனுடையதும் ஏறக்குறைய அப்படித்தான். அம்மாவுடையது மட்டும் வெளிர் மஞ்சளில், தடித்த கறுப்பு எழுத்துகளோடு திரை முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். இருபது வரிக்கு மேல் தெரியாது.

"இன்னாக்கா இது, ஒன்னாங்கிளாஸ் புஸ்தகம் மாதிரி கீது? அ ஆ போட்டு அணில் படம் ஒன்னும் ஒட்டிக்க" என்பார் கொரட்டூர் அண்ணன்.

"உனக்கு இன்னா வந்துச்சு, உன் வேலையப் பாரு நைனா" என்று அவர் பேச்சிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு அம்மா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. வேகமாக வேலை செய்கிறவர்களின் ஜன்னல் பச்சையாக இருக்கிறது. ஆகவே பச்சையாக இருப்பதால்தான் வேகம் வருகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மேனேஜர் வந்து அந்த மஞ்சளைப் பார்த்த உடனேயே அம்மாவை பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார் என்று தோன்றியது.

மாமாவுக்கு மத்தியான நேரத்தில் வேலை குறைவு. நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பாவப்பட்டு, தன் மெஷினில் ஒன்றிரண்டு கற்றுக்கொடுத்தார். ஜன்னலின் நிறம், எழுத்தின் அளவு, மேல்பட்டையில் வரும் தலைப்பு எல்லாம் ஒரு கோப்பில் எழுதியிருக்கும். அந்தக் கோப்பின் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும். புள்ளியில் தொடங்கும் பெயர்கள் சாதாரணமாகப் பட்டியல் கேட்டால் தெரியாது. தனியாகக் கேட்டால்தான் காட்டும். நிறங்களுக்கும் ஒரு பட்டியல் மெஷினுக்குள்ளேயே இருந்தது. கோதுமை, பப்பாளி, எலுமிச்சை, பீச் என்று பழக்கடைபோல் நீளும். அம்மாவுடைய மஞ்சள் எலுமிச்சை வகையைச் சேர்ந்தது. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸின் வலது பொத்தானைத் தட்டினால் எழுத்தின் அளவுகள் வரிசையாக விழும். அதில் மிகச் சிறியதற்கு, படிக்க முடியாதது என்றே பெயர் வைத்திருந்தார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "செஞ்சவனுக்கே தெரிஞ்சிருக்கு பாரு" என்றார் மாமா.

ஒவ்வொரு கட்டளையையும் டைரியில் எழுதிக்கொண்டேன். தேதியோடு.

மே 16, வியாழன். மறுநாள் மேனேஜர் தேர்வு வைப்பதாக இருந்தது. சாயங்காலம் ஐந்தேகாலுக்கு அம்மா டிபன் பாக்ஸ் கழுவப் போனாள். மாமா ஸ்டோர்ஸில் இருந்தார். கொரட்டூர் அண்ணன் கிளம்பிவிட்டார். அம்மாவின் மெஷின் திறந்தபடியே இருந்தது. மாமாவின் கோப்பை அம்மாவின் கோப்பின்மேல் நகலெடுத்தேன். ஒரே வரிக் கட்டளை. மாற்றம் அடுத்த முறை மெஷினுக்குள் நுழையும்போதுதான் தெரியும். எழுத்து அளவை இன்னும் ஒரு படி சிறிதாக்கினேன், மாமாவைவிட அம்மா ஒரு படி மேலே இருக்கட்டும் என்று. தலைப்பில் மாமாவின் பெயர் இருந்த இடத்தில், ஆங்கிலப் பெரிய எழுத்து நான்கில், அம்மா என்று அடித்தேன். பழைய கோப்பை எங்கும் எடுத்துவைக்கவில்லை. எடுத்துவைக்க வேண்டும் என்பது நான் கற்றுக்கொண்ட பாடத்தில் இல்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு மேனேஜர் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அம்மா தாளைத் தூக்கி முகத்தருகே வைத்து ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் பெயரை அடித்து மெஷினுக்குள் நுழைந்தாள். திரை சாம்பலானது. நடுவில் கறுப்பு ஜன்னல் திறந்தது.

"அட, அக்கா மாடர்ன் ஆய்ட்டாங்க" என்றார் கொரட்டூர் அண்ணன். எனக்குக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பெருமை பொங்கியது.

அம்மாவின் கைகள் விசைப்பலகைக்கு மேலே நின்றுவிட்டன. ஜன்னலின் தலைப்புப் பட்டைக்கு என்னுடைய கோப்பில் சொன்ன அளவு செல்லாது. அது வேறொரு இடத்திலிருந்து வருகிறது. அதனால் அந்த நான்கு எழுத்து மட்டும் பழையபடி பெரிதாகவே இருந்தது. அம்மா அதை வெகுநேரம் பார்த்ததாக எனக்கு நினைவு. உண்மையில் சில நொடிகளாக இருக்கலாம். பிறகு தலையைத் திருப்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். எனக்குப் பக்கத்தில்தான் மாமா உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் சரிசெய்திருப்பார். அம்மா கூப்பிடவில்லை. திரும்பிக்கொண்டு தட்டச்சுச் செய்ய ஆரம்பித்தாள்.

சில வரிகள் போனதும் குனிந்தாள். இன்னும் சில வரிகளில் மூக்குக் கண்ணாடி திரையில் இடித்தது.

"ஸ்க்ரீனை மோந்து பாத்துத்தான் டைப் அடிப்பீங்களா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார். தூசியா இருக்கு" என்று அம்மா சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தாள்.

நாற்பது எண்களில் ஒன்பது தவறு. கொரட்டூர் அண்ணனுக்கு இரண்டு. அம்மா நன்றாகச் செய்யாமல் போனதற்குக் காரணம் பதற்றம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் உதவியும் பலிக்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

மாமா மட்டும் மத்தியானம் அந்த மெஷினில் தன் நிறத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார். "நீதானேடி? யாரைக் கேட்டு இதைத் தொட்ட? என் வேலைக்கும் சேத்து உலை வைக்கப் பாக்குறியா?"

அம்மா சாப்பாட்டுக் கூடையை மூடிக்கொண்டே, "விடுடா. நான்தான் மாத்தச் சொன்னேன்" என்றாள்.

மாமா கையை விட்டுவிட்டார். அம்மா ஏன் பொய் சொன்னாள் என்று நான் யோசித்தேன். யோசித்து, அவளுக்கு அந்த ஜன்னல் பிடித்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

ஜூன் 3, திங்கள்கிழமை முதல் அம்மா பேக்கிங்கில் நின்றாள். இரவுகளில் காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எட்டு ஆண்டுகள் அப்படிப் போயின. 2004-இல் அவளுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. முற்றிப்போன புரை, இரண்டு கண்ணிலும். எத்தனை வருடமாக இப்படி மங்கலாகத் தெரிகிறது என்று டாக்டர் கேட்டார். "கம்ப்யூட்டர்ல உக்காந்த காலத்துலேருந்தே கொஞ்சம் கொஞ்சமா. தெரிஞ்சா வேலைய விட்டு எடுத்துடுவாங்கன்னு சொல்லல" என்றாள் அம்மா, டாக்டரைப் பார்த்து. நான் பக்கத்தில் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

தம்பியிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை. வெளிச்சம் கூசுகிறது, கொஞ்சம் பெரிதாக வைத்துக் கொடு என்று கேட்டு வாங்கிய மஞ்சள் ஜன்னல் அது. அன்று மாமாவைக் கூப்பிட்டிருந்தால் இவ்வளவு பெரிய எழுத்து உங்களுக்கு எதற்கு என்று மேனேஜர் கேட்டிருப்பார். கூடவே, மெஷினைத் தொட்டது யார் என்றும் கேட்டிருப்பார்.

இப்போது எனக்கு, அன்று அம்மாவுக்கு இருந்த வயது தாண்டிவிட்டது. நாள் முழுவதும் ஒரு டெர்மினல் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை எழுத்தை ஒரு படி பெரிதாக்குகிறேன். பின்னணி மஞ்சள்.

மே 17 பக்கத்தில் தேர்வைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது, அம்மா தோற்றாள் என்று. மீதிப் பக்கமெல்லாம் திரும்பி வந்த ரயிலைப் பற்றியது. அண்ணனூர் தாண்டும்போது அம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே, "மேல எழுதியிருந்தியே, அது நல்லாத் தெரிஞ்சுதுடி" என்றாள்.

அதை அப்படியே எழுதிவிட்டு, அடியில் ஒரு கோடு போட்டு, இப்படி முடித்திருக்கிறேன்: அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அடுத்த தடவை எல்லா எழுத்தையும் இன்னும் சின்னதாக, இன்னும் அழகாக வைத்துக் கொடுக்க வேண்டும்.